இலேசான மடிக்கணினி, குறையாத பாரம்: திருகோணமலைக் கள உத்தியோகத்தர் ஒருவரின் தெரிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரில் இயங்கும் சிறிய வாழ்வாதார நிறுவனம் ஒன்றில் 2023 நடுப்பகுதி தொடக்கம் 2025 ஒக்டோபர் வரை நடந்ததை இங்கே பதிவுசெய்கிறேன். அந்த நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிப்பதும், புதியவை வாங்கும்போது ஆலோசனை சொல்வதும் என் வேலை. சம்பந்தப்பட்ட உத்தியோகத்தரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். அவர் பெயரோ நிறுவனத்தின் பெயரோ கடையின் பெயரோ இதில் இல்லை. முதல் தெரிவு பிழையாகிப்போனதில் பெரும்பங்கு என்னுடையது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

உத்தியோகத்தருக்கு அப்போது வயது 46. வீடு பாலையூற்றில். கருவாடு போடும் பெண்கள் சங்கங்களின் சேமிப்பு, கடன் பதிவுகளைப் பார்ப்பவர். திங்கள் கிண்ணியா, புதன் மூதூர், வெள்ளி மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள ஈச்சிலம்பற்று என்று வாரத்தில் மூன்று நாள் களம். மற்ற இரண்டு நாளும் அலுவலகம்.

போவது பஸ்ஸில். காலையில் இருக்கை கிடைப்பது அருமை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் மிதவைப் பாதைக்குக் காத்து நிற்கையில் பையை இறக்கிவைத்து ஆறலாம், இப்போது பஸ் நிற்காமல் ஓடிவிடுகிறது, பை தோளிலேயே கிடக்கிறது என்று பகிடியாகச் சொல்வார்.

2023 மே மாதம் வலது தோள்மூட்டு நோவுக்காக இயன்மருத்துவரிடம் போனார். முதலில் பையின் பாரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அவரிடம் இருந்தது 2016இல் வாங்கிய 15.6 அங்குல மடிக்கணினி. 8 ஜி.பி. ராம் (ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), சுழலும் ஹார்ட் டிஸ்க், 40 நிமிடம் மட்டும் தாங்கும் பற்றரி. ஓன் செய்துவிட்டுத் தேத்தண்ணி போட்டு வரலாம். ஆனால் ஒருமுறை எழும்பிவிட்டால் அவருடைய வேலையை அது முறைப்பாடில்லாமல் செய்தது. இதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அவருடைய வேலை என்னவென்பதையும் சொல்லவேண்டும். 1,860 வரிகள் கொண்ட பயனாளர் பதிவேடு ஒன்று எக்செல்லில் இருக்கிறது. நான்கு தாள்களிலிருந்து ஒன்றையொன்று தேடி எடுக்கும் சூத்திரங்கள் அதில் நிறைந்திருக்கும். உதவி வழங்குநர் தந்த மைக்ரோசொஃப்ட் அக்ஸஸ் தரவுத்தளம் ஒன்றும் உண்டு. கைப்பேசியில் எடுத்த படங்களை ஒவ்வொரு களநாளும் இறக்கிப் பெயரிடவேண்டும். வியாழக்கிழமை சூம் கூட்டம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கடிதங்களை, இப்போது பொதுவாகப் பாவிக்கும் யூனிகோடுக்கு மாற்றுவது இடைக்கிடை. படம் வெட்டுவது, வீடியோ தொகுப்பது எதுவுமில்லை. “சாதாரண அலுவலக வேலை” என்று எவரும் ஒரு வரியில் சொல்லிவிடக்கூடியது. நானும் அப்படித்தான் எழுதினேன்.

முதல் தெரிவு, 2023 யூலை

நிறுவனம் ஒதுக்கியது 1,20,000 ரூபா. கடைகளுக்கு அனுப்பிய விலைமனுக் கோரலில் தேவை என்ற இடத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: பாரம் 1.3 கிலோவுக்குக் குறைவு, விண்டோஸ் 11, சாதாரண அலுவலக வேலை. மூன்று விலைமனுக்கள் வந்தன. ஆகக் குறைந்த பாரமும் ஆகக் குறைந்த விலையும் ஒன்றிலேயே இருந்தன. தெரிவுக்குழுவில் ஐந்து நிமிடங்கூடப் பேச்சு நடக்கவில்லை.

வாங்கியது 11.6 அங்குலக் கருவி. இன்டெல் செலரோன் என்4020 செயலி, 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. சேமிப்பு, மின்விசிறி இல்லை. விலை 98,500 ரூபா. மிச்சம் பிடித்ததாகக் கணக்காளருக்கும் சந்தோஷம்.

விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசொஃப்ட் குறித்திருக்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜி.பி. ராமும் 64 ஜி.பி. சேமிப்பும்தான். அதாவது, வேலை தொடங்குமுன்பே நாங்கள் அடிமட்டக் கோட்டில் நின்றோம். அந்தக் கோட்டை அப்போது நான் “போதும்” என்று வாசித்தேன். இயங்குதளம் எழும்புவதற்குத்தான் அது போதும். அதற்குமேல் எக்செல், உலாவி, சூம் என்று சேரும் ஒன்றுக்கும் அதில் கணக்கு இல்லை.

முதல் வாரம் உத்தியோகத்தருக்கு மிகவும் பிடித்திருந்தது. கைப்பைக்குள்ளேயே போய்விடுகிறது என்று எல்லோருக்கும் காட்டினார்.

ஆறு மாதங்களில் கண்டவை

ஓகஸ்ட் மாத வெள்ளிக்கிழமைகளில் முதல் குறை தலைகாட்டியது. ஈச்சிலம்பற்றில் கூட்டம் நடப்பது தகரக் கூரை போட்ட கொட்டகையில். கச்சான் காற்று வீசும் காலம். முற்பகலில் ஓரளவு ஓடும் கருவி மதியத்துக்குப் பிறகு தட்டிய எழுத்து திரையில் வரவே காத்திருக்க வைத்தது. மின்விசிறி இல்லாத கருவி சூட்டை வெளியேற்ற உடலையும் சுற்றியுள்ள காற்றையும் மட்டுமே நம்பியிருக்கிறது. காற்றே கொதிக்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்4020இன் உச்ச வேகம் 2.8 கிகாஹேர்ட்ஸ், அடிப்படை வேகம் 1.1. ஈச்சிலம்பற்றில் மதியத்துக்குப் பிறகு ஓடியது அந்த இரண்டாவது எண்ணுக்குக் கிட்டத்தான்.

செப்டெம்பரில் விண்டோஸ் புதுப்பிப்பு இடமில்லாமல் நின்றுபோனது. படங்களை வெளிக்கு மாற்றச் சொல்லி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் கொடுத்தேன். யூ.எஸ்.பி. துளை போதாமல் ஒரு ஹப் கொடுத்தேன். பிரதேச செயலகத்துப் புரொஜெக்டர் இன்னமும் பழைய வி.ஜி.ஏ. கேபிள்காரன், அதற்கு ஒரு மாற்றி. சிறிய தட்டுப்பலகையில் விரல் தடக்குவதால் ஒரு மவுஸ். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒக்டோபரில் நடந்தது யாருக்கும் அறிவிக்கப்படவில்லை. அவர் மெல்லக் கடதாசிக்குத் திரும்பிவிட்டார். பெண்கள் வரிசையில் நிற்கையில் பதிவேடு திறக்கும்வரை எல்லோரையும் காக்கவைக்க வெட்கமாக இருந்ததாம். அச்சடித்த படிவங்களில் எழுதி, வீட்டுக்குப் போய் இரவு ஒன்றரை, இரண்டு மணிநேரம் இருந்து தட்டினார். கணினியில் ஒரு தடவை செய்யும் வேலை கடதாசியில் ஒன்று, கணினியில் ஒன்று என்று இரண்டானது. இது எனக்குத் தெரியவந்தது டிசெம்பரில், படிவங்களுக்கான போட்டோகொப்பிச் செலவு ஏன் கூடியது என்று கணக்காளர் கேட்டபோது.

நான் அவரிடம் நேரே கேட்டேன். அவர் சொன்னது: “லெப்டொப் பாரமில்லத் தம்பி. ஆனா என்ட பை முந்தி மாதிரித்தான் கிடக்கு. தோளும் அப்படித்தான்.”

தராசும் நேரக்கணக்கும், 2024 ஜனவரி

மூதூர்ச் சங்கம் ஒன்றில் மீன் நிறுக்கும் டிஜிட்டல் தொங்கு தராசு இருக்கிறது. ஒரு புதன்கிழமை நானும் கூடப்போய் அவருடைய பையை முழுதாக அதில் மாட்டினேன். 4.89 கிலோ. பிறகு அலுவலகத்தில் சமையலறைத் தராசில் ஒவ்வொரு பொருளாக நிறுத்தோம்.

தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி, குடை ஆகியவற்றைக் கழித்தால் வேலைக்கான சாமான் மட்டும் 2.95 கிலோ. அதில் மடிக்கணினி 1.12, அதன் சார்ஜர் 0.21, கைப்பேசிச் சார்ஜர் 0.11, உறையோடு வெளி ஹார்ட் டிஸ்க் 0.24, ஹப்பும் வி.ஜி.ஏ. மாற்றியும் 0.13, மவுஸ் 0.09. மிச்சம் 1.05 கிலோ படிவக் கட்டும் எழுதும் மட்டையும். கடதாசி மடிக்கணினியின் பாரத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டது.

பழைய 15.6 அங்குலக் கருவி அலுமாரியில் இருந்ததால் அந்தக் காலத்துப் பையையும் திரும்பக் கட்டிப் பார்த்தோம். மடிக்கணினி 2.28, சார்ஜர் 0.46, கைப்பேசிச் சார்ஜரும் மவுஸும் 0.20, மெல்லிய கோப்பு ஒன்று 0.30. மொத்தம் 3.24 கிலோ. மடிக்கணினியின் பாரத்தில் 1.16 கிலோ குறைத்திருக்கிறோம். பையில் குறைந்திருப்பது 290 கிராம். அவருடைய தோள் சொன்னது சரிதான்.

வேகத்தையும் அதேபோல அளந்தோம். செயலிகளை ஒப்பிடும் பொதுச் சோதனைகளை விட்டுவிட்டு, அவருடைய கோப்புகளையே வைத்துக் கைப்பேசியின் ஸ்டொப்வொட்சால் பார்த்தோம். ஓன் செய்து எக்செல் வேலைக்கு ஆயத்தமாக 2 நிமிடம் 40 செக்கன். பதிவேடு திறக்க 1 நிமிடம் 12 செக்கன். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவை மட்டும் வடிகட்ட 19 செக்கன். பதிவேடு திறந்திருக்கையில் சூம் போட்டால் குரல் வெட்டி வெட்டி வந்தது.

டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. செயலி பாதியளவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ராம் 92 சதவீதம் நிரம்பியிருந்தது. சேமிப்பின் கோடு மட்டும் 100இல் ஒட்டிக்கொண்டு நின்றது.

ஏன் அப்படி

ராம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தைச் சேமிப்பில் எழுதிவைத்து, தேவைப்படும்போது திரும்ப வாசிக்கும். சேமிப்பு வேகமானதென்றால் இது கண்ணுக்குத் தெரியாது. இ.எம்.எம்.சி. என்பது கைப்பேசிகளுக்கென்று வந்த சேமிப்பு வகை. அதன் 5.1 பதிப்பின் இணைப்பு வேகம் அதிகபட்சம் செக்கனுக்கு 400 மெகாபைட். மூன்றாம் தலைமுறைப் பி.சி.ஐ. இணைப்பிலுள்ள என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பு) ஒன்று 3,500 வரை வாசிக்கும். சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதி வாசிக்கும்போது இடைவெளி இன்னும் கூடத் தெரியும். இடப்பற்றாக்குறையான ராமின் சுமையை வேகமற்ற சேமிப்பு தூக்கிக்கொண்டிருந்தது. பழைய கருவியில் ஹார்ட் டிஸ்க் இதைவிட மந்தம். ஆனால் 8 ஜி.பி. ராம் இருந்ததால் வேலை நடுவே அது சேமிப்பைத் தொடவேண்டிய தேவையே அதிகம் வரவில்லை.

ராமைக் கூட்டிவிடலாம் என்று கருவியைக் கழற்றினேன். பலகையிலேயே பற்றவைத்திருந்தார்கள். இ.எம்.எம்.சி.யும் அப்படியே. இலேசாகவும் மெல்லியதாகவும் வரும் கருவிகள் பலவற்றில் இதுதான் நிலை. வாங்கிய நாளில் இருப்பதுதான் கடைசிவரைக்கும். இந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்காததற்கு அவர் பொறுப்பில்லை.

இரண்டாம் தெரிவு, 2024 பெப்ரவரி

முதலிலேயே தள்ளியது, ஒரு கிலோ அளவில் 16 ஜி.பி. ராமோடு வரும் புத்தம்புதுக் கருவிகளை. விலைகள் மூன்று லட்சத்தைத் தாண்டின. இருந்தது, பழைய ஒதுக்கீட்டின் மிச்சத்தோடு 1,10,000 ரூபா.

பாவித்த மக்புக் எயார், 2020இல் வந்த எம்1 வகை, கொஞ்சநாள் மனத்தை ஆட்டியது. 1.29 கிலோ. அதிலும் மின்விசிறி இல்லை, ஆனால் அந்தச் செயலி மிகக் குறைந்த மின்சக்தியில் ஓடுவதால் சூடு பெரிய சிக்கலாகாது. பற்றரியும் நீண்டநேரம் தாங்கும். இந்தக் கட்டுரையை வேறு ஒருவருக்காக எழுதியிருந்தால் அதையே சொல்லியிருப்பேன். எங்களைத் தடுத்தது ஒரேயொரு விஷயம்: உதவி வழங்குநரின் தரவுத்தளம் அக்ஸஸில் இருக்கிறது, அக்ஸஸ் மக்கில் ஓடாது.

டப்லெட்டும் கீபோர்ட்டும் என்ற யோசனையை உத்தியோகத்தரே மறுத்தார். மடியில் வைத்துத் தட்டவேண்டிய இடங்களே கூட. கதிரை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எஞ்சியது, கம்பனிகள் பாவித்துக் கழித்த 14 அங்குல வர்த்தக வகைக் கருவி. இன்டெல்லின் எட்டாம் தலைமுறை ஐ5-8350யு செயலி, நான்கு கோர், 15 வோட். முதல் கருவியின் என்4020 இரண்டு கோர், 6 வோட். எட்டாம் தலைமுறையை ஏன் கீழெல்லையாக வைத்தோம் என்றால், இன்டெல் செயலிகளில் விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10இன் ஆதரவு 14.10.2025இல் முடியும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஏழாம் தலைமுறை 15,000 ரூபா மலிவு. இரண்டு வருடத்தில் மீண்டும் இதே மேசையில் வந்து நிற்கவேண்டியிருக்கும்.

இந்தமுறை அவரையும் கடைக்குக் கூட்டிப்போனேன். பதிவேட்டைப் பென் டிரைவில் கொண்டுபோய் அங்கேயே திறந்தோம். அடி மூடியைக் கழற்றி இரண்டு ராம் துளைகளைக் கண்ணால் பார்த்தோம். விண்டோஸிலேயே எடுக்கக்கூடிய பற்றரி அறிக்கையில் 60 வோட்மணி இருக்கவேண்டிய இடத்தில் 43 இருந்தது. அதைக் காட்டி விலையில் 4,000 ரூபா குறைத்தோம். இரண்டாவது கருவி ஒன்றின் யூ.எஸ்.பி. சி துளை ஆடியது, அதை விட்டோம். 16 ஜி.பி. ராம், 256 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 92,000 ரூபா.

நிறுத்துப் பார்த்தபோது 1.44 கிலோ. அலுவலகத்தில் ஒருவர் கேட்டார், தோள்நோவுக்காரிக்கு 320 கிராம் கூடியதை வாங்கிக்கொடுத்திருக்கிறீரா என்று.

கருவியின் யூ.எஸ்.பி. சி துளை வழியாகவே மின்னேற்றலாம் என்பது இந்தத் தெரிவில் பாதிக் காரணம். 65 வோட் சார்ஜர் ஒன்று, கேபிளோடு 150 கிராம். மடிக்கணினிக்கு 20 வோல்ட் கொடுக்கும், அதே கேபிளைக் கைப்பேசியில் செருகினால் அது கேட்கும் அளவுக்கு இறங்கிவிடும். எச்.டி.எம்.ஐ. துளை இருப்பதால் ஹப் தேவையில்லை, சிறிய வி.ஜி.ஏ. மாற்றி 60 கிராம் போதும். வெளி ஹார்ட் டிஸ்க் அலுவலக அலுமாரிக்குப் போனது. தட்டுப்பலகை பெரிதென்பதால் மவுஸ் வீட்டிலேயே இருந்துகொண்டது.

பின்னர் நடந்தவை

கடதாசி உடனே விலகவில்லை. மூன்று வாரம் இரண்டையும் கொண்டுதிரிந்தார், கருவி காலை வாரிவிடும் என்ற பயம். ஒருமுறை ஏமாந்தவர் அவர், நான் அவசரப்படுத்தவில்லை. மார்ச் நடுப்பகுதியில் கையொப்பம் வாங்கும் தாள்கள் மட்டும் மிஞ்சின, 0.25 கிலோ. அப்போது திரும்ப நிறுத்தோம். வேலைச் சாமான் மொத்தம் 1.90 கிலோ. 2.95இலிருந்து 1.05 கிலோ குறைவு.

ஓன் செய்து எக்செல் ஆயத்தமாக 31 செக்கன், பதிவேடு திறக்க 9 செக்கன், வடிகட்ட ஒன்றோ இரண்டோ. இரவு வேலை 20 நிமிடத்துக்கு இறங்கியது. அதுவும் படங்களுக்குப் பெயரிடுவதற்கு. தோள் பற்றி நான் எதுவும் உறுதியாகச் சொல்லமாட்டேன். அவர் பயிற்சிகளும் செய்துகொண்டிருந்தார். நோவு குறைந்திருக்கிறது என்றார், அவ்வளவுதான்.

குறைகளும் வந்தன. வெயிலில் திரை தெரியவில்லை, இது இன்றுவரை தீரவில்லை, நிழல் தேடி இருக்கவேண்டும். சூம் கூட்டத்தில் மின்விசிறி இரைகிறது. பற்றரி ஐந்து மணிநேரத்துக்குச் சற்றுக் கூட. ஈச்சிலம்பற்று நாளுக்கு அது போதாமல் போனதால் 2024 ஓகஸ்டில் 16,500 ரூபாவுக்குப் புதியது மாற்றினோம். அந்தச் செலவைப் பெப்ரவரிக் கணக்கிலேயே சேர்த்திருக்கவேண்டும். சேர்த்தாலும் 1,08,500 ரூபாதான், ஒதுக்கீட்டுக்குள்.

நவம்பரில் துப்புரவாக்கத் திறந்தபோது விசிறி இதழ்களில் தூசும், பக்கத்து ஆணிகளில் மெல்லிய துருவும் இருந்தன. கடற்கரைக் கொட்டகைகளில் விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. மின்விசிறி இல்லாத கருவிக்கு இந்தத் தொல்லை குறைவு, அதை ஒத்துக்கொள்ளவேண்டும். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்கிறேன்.

1.12 கிலோக் கருவி முன்வரவேற்பு மேசைக்குப் போனது. வருகைப் பதிவு, மின்னஞ்சல், பற்றுச்சீட்டு. ஒரு நேரத்தில் ஒரு சாளரம். விசிறிக்காற்று படும் இடம். அங்கே அது குறையில்லாமல் ஓடுகிறது.

2016ஆம் ஆண்டுக் கருவிக்கு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுப் பார்த்தேன், ஆச்சரியமான அளவுக்கு எழும்பியது. ஆறாம் தலைமுறைச் செயலி என்பதால் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. 2025 ஒக்டோபரில் அதை இணையத்திலிருந்து கழற்றி, பழைய பாமினிக் கோப்புகளை மாற்றும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

மாற்றிச் செய்திருக்கவேண்டியவை

2023 யூன் மாதத்தில் ஒரு களநாள் அவரோடு பஸ்ஸில் போயிருக்கவேண்டும். அன்றே பையை நிறுத்திருக்கலாம். கோப்பை எத்தனை தடவை திறக்கிறார், யார் முன்னால் திறக்கிறார் என்பதும் அன்றே தெரிந்திருக்கும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்ததால் 98,500 ரூபாவும், ஒரு மனிதரின் பல மாத இரவுகளும் போயின. கருவி இன்னொரு மேசையில் பயன்படுகிறது என்று அதைச் சமன்செய்ய எனக்கு மனம் வரவில்லை.

துணைச் சாமான் கேட்டு வந்த ஒவ்வொரு தடவையும் அதைத் தனிப் பிரச்சினையாகப் பார்த்ததும் பிழை. ஹார்ட் டிஸ்க், ஹப், மவுஸ் என்று மூன்றாவதைக் கொடுக்கும்போதாவது கருவியையே சந்தேகித்திருக்கவேண்டும். வேகக் குறையை அவர் ஏன் முதலிலேயே அறிவிக்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். அவர் விரும்பிக் கேட்டு வாங்கிய கருவி அது. குறைசொல்ல யாருக்கும் கூச்சம் வரும். இரண்டு மாதத்தில் நான்தான் போய்க் கேட்டிருக்கவேண்டும்.

விலைமனுக் கோரல் படிவத்தில் இப்போது “சாதாரண அலுவலக வேலை” என்ற வரி இல்லை. மடிக்கணினியும் சார்ஜரும் சேர்ந்த பாரம், ராம் பற்றவைத்ததா மாற்றக்கூடியதா, சேமிப்பு எந்த வகை, யூ.எஸ்.பி. சி வழியாக மின்னேற்றலாமா, எங்கள் கோப்பைக் கடையில் திறந்துபார்க்க விடுவார்களா என்பவை வந்திருக்கின்றன. 2025 ஒக்டோபரில் இன்னொரு உத்தியோகத்தருக்காக இதை அனுப்பினோம். மூன்று கடைகளில் இரண்டு ராம் பற்றிய வரியை வெறுமையாகவே விட்டு அனுப்பியிருந்தன. திருப்பி அனுப்பியிருக்கிறோம். இன்னும் ஒன்றும் வாங்கவில்லை.